‘எல்லாருக்கும் கேக்குதா?’: நேரலை இணைய வகுப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரம்பூரில் என் வீட்டு மாடியில் ஒன்பதாம் வகுப்பு முதல் ப்ளஸ் டூ வரை இயற்பியலும் கணக்கும் சொல்லிக் கொடுக்கிறேன். 2020 மார்ச்சில் எல்லாம் மூடியபோது வேறு வழியில்லாமல் லேப்டாப் முன் உட்கார்ந்தவள்தான். பள்ளிகள் திறந்த பிறகும் பாதி பேட்ச் இணையத்திலேயே நின்றுவிட்டது. ஆவடியிலிருந்தும் மாதவரத்திலிருந்தும் ராத்திரி ஏழு மணிக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுக் கூட்டிப்போக எந்த வீட்டில் ஆள் இருக்கிறது? தெரிந்த டீச்சர்கள், பாட்டு டீச்சர்கள், சில பெற்றோர் என்று பலரும் வாட்ஸ்அப்பில் கேட்பார்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பத் தட்டிக் கை வலித்துப்போனதால் இங்கே மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

பாடத்தை வீடியோவாக எடுத்து அனுப்பினால் போதாதா? நேரலை எதற்கு?

பாடத்தை விளக்குவது மட்டும்தான் வேலை என்றால் வீடியோ தாராளமாகப் போதும். நம்மைவிட நன்றாக விளக்கியவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் என்பிடெல் இணையப் பாடத் திட்டம் 2003லிருந்து ஓடுகிறது. நம் கல்வித் தொலைக்காட்சி 2019இல் வந்தது. பள்ளிப் பாடம் முழுக்க யூடியூபில் கிடக்கிறது. நிறுத்தி, பின்னால் ஓட்டி, பத்துத் தடவை பார்க்கலாம். நேரலையில் நாம் 40 நிமிடம் மூச்சு விடாமல் பேசினால், நிறுத்தவும் முடியாத, பின்னால் ஓட்டவும் முடியாத ஒரு சுமாரான வீடியோவைத்தான் பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம்.

ஒரு பிள்ளை இப்போது போட்ட தப்பை நான் இப்போதே பார்ப்பது, அது எந்த வீடியோவாலும் ஆகாது. ஆனால் தப்பு கண்ணில் படவேண்டும் என்றால் அவன் ஏதாவது எழுதியிருக்க வேண்டுமே? அதனால் நான் வைத்திருக்கும் கணக்கு எளிது: ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறையாவது எல்லார் கையும் எதையாவது செய்திருக்க வேண்டும். ஒரு வரி எழுதலாம், ஒரு படம் போடலாம், சாட்டில் ஓர் எண் தட்டலாம். ஜோக், பின்னணி மியூசிக், பறக்கும் எழுத்துகள் எல்லாம் நானும் செய்து பார்த்தேன். முதல் வாரம் கைதட்டுவார்கள், அப்புறம் சரி.

பசங்க கேமராவை ஆன் பண்ணவே மாட்டேங்கிறாங்க. கட்டாயப்படுத்தலாமா?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். கட்டாயப்படுத்தாதீர்கள் என்பதுதான் என் பதில், ஆனால் அதோடு விடவும் கூடாது.

அந்தக் கேமராவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஒற்றை அறை வீடு. பின்னால் அம்மா சமைக்கிறார், அப்பா லுங்கியோடு அப்போதுதான் வேலையிலிருந்து வந்து படுத்திருக்கிறார், கொடியில் துணி தொங்குகிறது. இதை முப்பது பேருக்குக் காட்டு என்றால் எந்தப் பிள்ளை காட்டும்? வீடு பெரிதாக இருந்தாலும் பதினைந்து வயதில் முகத்தில் ஒரு பரு வந்தால் போதும், உலகமே அதைத்தான் பார்க்கிறது என்று தோன்றும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லன்சன் 2021இல் எழுதிய கட்டுரையில் வீடியோ சந்திப்புகள் ஏன் களைக்க வைக்கின்றன என்பதற்கு நான்கு காரணங்கள் சொன்னார்: அருகிலிருந்து நம்மையே முறைப்பதுபோல் தெரியும் முகங்கள், ஓயாமல் நம் முகத்தையே பார்க்க நேர்வது, அசையாமல் உட்கார வேண்டியிருப்பது, சைகைகளைப் புரிந்துகொள்ள மூளைக்கு ஆகும் கூடுதல் வேலை. பெரியவர்களுக்கே இந்தப் பாடு.

இன்னொன்று, கேமரா ஆனில் இருந்தால் கவனிக்கிறான் என்று அர்த்தமில்லை. என் பேட்ச்சில் மூன்று மாதம் கேமராவை அணைக்காமல், நேராக என்னையே பார்த்துக்கொண்டு, அவ்வளவு பவ்யமாக உட்கார்ந்திருந்தான் ஒரு பையன். மற்றவர்களுக்கு அவனை உதாரணம் காட்டுவேன். சிஎஸ்கே ஆடிய ஒரு ராத்திரி, பாடத்தின் நடுவில் “ஐயோ!” என்று கத்தினான். லேப்டாப்பின் கழுத்தில் இன்னொரு போனைச் சாய்த்து வைத்திருந்திருக்கிறான். விக்கெட்.

அதற்குப் பிறகு முகத்தைக் கேட்பதையே விட்டுவிட்டு நோட்டைக் கேட்க ஆரம்பித்தேன். ஒரு டம்ளரையோ இரண்டு புத்தகத்தையோ அணை கொடுத்துப் போனைக் கீழ்நோக்கிச் சாய்த்தால் மேசையும் நோட்டும் கையும் மட்டும் தெரியும். வீடு தெரியாது, பரு தெரியாது. எனக்கோ முப்பது கைகள் கணக்குப் போடுவது கட்டம் கட்டமாகத் தெரிகிறது. யாருடைய பேனா நின்றுவிட்டது என்று பார்த்தாலே யாருக்குப் புரியவில்லை என்று தெரிந்துவிடும். வகுப்பறையில் பெஞ்சுக்கு நடுவே நடந்துபோய்ப் பார்ப்பதைவிட இது எளிது. டேட்டா இல்லாத பிள்ளைக்கு இதுவும் வேண்டாம், கணக்கு முடிந்ததும் ஒரு போட்டோ அனுப்பினால் போதும். நம் முகம் நமக்கே தெரியாமல் மறைக்கும் வசதி ஜூமில் இருக்கிறது. அதையும் முதல் நாளே சொல்லிக் கொடுங்கள்.

கேள்வி கேட்டால் ஒரே அமைதி. பதில் சொல்வதும் எப்போதும் அதே இரண்டு பேர்தான். என்ன செய்வது?

முதலில் “புரிஞ்சுதா?” என்று கேட்பதை நிறுத்துங்கள். அதற்கு “புரிஞ்சுது மிஸ்” என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது. புரியாதவன்தான் முதலில் சொல்வான்.

அடுத்தது காத்திருப்பது. மேரி பட் ரோவ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து கேட்டபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று நொடியாக்கியதும் பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். அது நேரடி வகுப்பு. இணையத்தில் நம் குரல் போய்ச் சேர வேண்டும், அவன் மியூட் பட்டனைத் தேட வேண்டும், வீட்டில் மிக்ஸி ஓடினால் அது நிற்க வேண்டும். நான் மனதுக்குள் பத்து வரை எண்ணுகிறேன். தொடக்கத்தில் அந்தப் பத்து நொடி நரகம். நாமே பதிலைச் சொல்லிவிடலாம் என்று நாக்கு துறுதுறுக்கும். ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள், நேரம் போய்விடும்.

எனக்கு அதிகம் கைகொடுத்தது சாட்தான். கேள்வி கேட்டதும் “பதிலை அடித்து வைங்க, எண்டர் தட்டாதீங்க” என்பேன். ஒரு நிமிடம் விட்டு, “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்றதும் எல்லாரும் ஒன்றாக அனுப்ப வேண்டும். முப்பது பதில் மழைபோலக் கொட்டும். முந்திரிக்கொட்டை இரண்டு பேரைப் பார்த்து மற்றவர்கள் காப்பி அடிக்க முடியாது. கூச்சப்படும் பேட்ச் என்றால், ஜூமில் சாட் ஆசிரியருக்கு மட்டும் போகிறபடி மாற்றிவைக்கலாம். தப்பாகச் சொன்னால் யாருக்கும் தெரியாது என்ற தைரியத்தில், வருடம் முழுக்க வாய் திறக்காத பெண்கள் வரிசையாக எழுதுவார்கள். அவர்கள் தங்கிலீஷில் அடித்தால் திட்டாதீர்கள். போனில் தமிழ் தட்டுவதற்குள் அடுத்த கேள்வி போய்விடும். (தமிழ் டீச்சர்கள் என்னை மன்னிக்கவும்.)

பெயர் சொல்லி அழைப்பதிலும் ஒரு நுணுக்கம். நேரில் என்றால் கேள்வியை முதலில் சொல்லி, கடைசியில் பெயர் சொல்வோம், எல்லாரும் யோசிக்கட்டும் என்று. இணையத்தில் அப்படிச் செய்தால் “மிஸ், என்ன கேட்டீங்க? நெட் கட் ஆயிடுச்சு” என்றுதான் வரும். பெயரை முன்பே சொல்லிவிடுங்கள்: “அடுத்த கணக்குக்கு நீதான்மா, தயாரா இரு.” அவளுக்கு மியூட்டை எடுக்கவும் நேரம், மனசைத் தேற்றவும் நேரம். யாரை அழைப்பது என்பதை ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டிருக்கும் ஐஸ் குச்சிகள் முடிவு செய்யும். பெயர் எழுதிய குச்சியைக் கேமரா முன்னால் எடுப்பேன். மிஸ் என்னையே குறிவைக்கிறார் என்ற புகார் அதோடு ஒழிந்தது.

ஒரு வகுப்பு எவ்வளவு நேரம் இருக்கலாம்?

மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் 2020 ஜூலையில் வெளியிட்ட ‘பிரக்யதா’ வழிகாட்டுதலில் மழலை வகுப்புகளுக்கு நாளுக்கு 30 நிமிடத்துக்கு மேல் வேண்டாம் என்றும், 1 முதல் 8 வரை 30–45 நிமிட வகுப்பு இரண்டு, 9 முதல் 12 வரை அதே நீளத்தில் நான்கு என்றும் சொன்னார்கள். பள்ளி மூடியிருந்த காலத்துக் கணக்கு அது. இன்று பிள்ளை பள்ளிக்கும் போய்வந்து, அப்புறம் நம்மிடம் உட்காருகிறான். ராத்திரியில் 40 நிமிடத்தைத் தாண்டினால் நான் பேசுவது எனக்கே கேட்காது.

ஜூம் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் துண்டித்துவிடும் என்று பலர் குறைப்படுகிறார்கள். எனக்கு அது வரம். கடிகாரம் கழுத்தில் உட்கார்ந்தால்தான் கதை பேசாமல் பாடத்துக்கு வருகிறேன். இன்னும் வேண்டும் என்றால் பத்து நிமிடம் எழுந்து நடக்கவிட்டு இரண்டாவது லிங்க் போடுங்கள்.

வாக்கெடுப்பு (poll), க்விஸ் வைக்க எந்த ஆப் நல்லது?

ஆப்பைவிடக் கேள்வி முக்கியம். கஹூட் என்ற க்விஸ் ஆப்பை வைத்தால் பிள்ளைகளுக்குக் குஷிதான், மாதம் ஒரு முறை வைக்கலாம். ஆனால் அதில் வேகமாகத் தட்டுகிறவனுக்குத்தான் மதிப்பெண் அதிகம். யோசிக்கிற பிள்ளை பின்னால் போய்விடும். புது ஆப்பை நம்பி எல்லாவற்றையும் அதில் ஏற்றிவைப்பதிலும் ஆபத்து உண்டு. கூகுளின் ஜாம்போர்டு என்ற இணைய வெள்ளைப்பலகையில் பலர் வருடக்கணக்காகப் பாடங்களைச் சேர்த்தார்கள். 2024 கடைசியில் அதை மூடியே விட்டார்கள். நான் ஜூமின் வாக்கெடுப்பு வசதி, சாட், காகிதம் இந்த மூன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

கேள்வியை எப்படி அமைப்பது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பத்தாம் வகுப்பு மின்னியல்: 4 ஓம், 6 ஓம் மின்தடைகள் பக்க இணைப்பில் இருந்தால் தொகுபயன் மின்தடை என்ன? விடை 2.4 ஓம். மற்ற மூன்று தெரிவுகளுக்கு வாய்க்கு வந்த எண்ணைப் போடாமல், பிள்ளைகள் நிஜமாகச் செய்யும் தப்புகளைப் போடுங்கள். 10 என்பவன் தொடர் இணைப்போடு குழப்பிக்கொண்டான். 5 என்பவன் சராசரி எடுத்துவிட்டான். 0.42 என்பவன் கால் பங்கையும் ஆறில் ஒரு பங்கையும் சரியாகக் கூட்டிவிட்டுக் கடைசியில் தலைகீழாக்க மறந்துவிட்டான். இப்போது வாக்கெடுப்பு முடிவைப் பார்த்ததும் யாருக்கு எந்த மருந்து என்று தெரிந்துவிடும். 0.42காரனுக்குப் பாடத்தை முதலிலிருந்து நடத்தினால் அவனுக்கும் நேரம் வீண், நமக்கும் தொண்டை வீண்.

ஹார்வர்டின் இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1990களில் பழக்கிய முறை ஒன்று இதோடு நன்றாகச் சேரும். ஏறத்தாழ 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொன்னால் விடையைச் சொல்லாமல், பிள்ளைகளையே ஒருவருக்கொருவர் வாதாடவிட்டு, மறுபடி வாக்கெடுப்பது. அதற்குக் கீழே போனால் நாம் மறுபடி விளக்க வேண்டும். மேலே போனால் அடுத்ததுக்குப் போய்விடலாம். முதல் முடிவை மட்டும் திரையில் காட்டாதீர்கள். எது அதிகம் என்று தெரிந்தால் எல்லாரும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவார்கள்.

பிரேக்அவுட் ரூமில் போட்டால் யாருமே பேசுவதில்லை.

வகுப்பைச் சின்னக் குழுக்களாகப் பிரித்துத் தனித்தனியாகப் பேசவிடும் வசதிதான் பிரேக்அவுட் ரூம். அதில் நானும் எட்டிப் பார்த்திருக்கிறேன். நாலு மியூட் குறியும் ஒரு ஃபேன் சத்தமும்தான். ‘டிஸ்கஸ் பண்ணுங்க’ என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அப்படித்தான் ஆகும். மூன்று பேராக அனுப்புங்கள்; இரண்டு பேராக இருந்து ஒருவருக்கு நெட் போனால் மற்றவர் தனியாக நிற்பார், நான்கானால் ஒருவர் ஒளிந்துகொள்வார். நான்கு நிமிடம் போதும். திரும்பி வரும்போது கையில் ஒரு பொருள் இருக்க வேண்டும்: ஒரு விடை, ஒரு படம், ‘நாங்கள் மாட்டிக்கொண்ட இடம்’ என்று ஒரு வரி. யார் முதலில் பேசுவது என்ற தயக்கத்துக்கு ஏதாவது சில்லறை விதி வையுங்கள். ‘யார் வீட்டுக்குப் பக்கத்தில் பஸ் ஸ்டாப்போ அவர் ஆரம்பிக்கட்டும்’ என்றேன் ஒரு நாள். பாதி நேரம் 29சி எங்கே நிற்கும் என்பதிலேயே போனது, ஆனால் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

சின்ன வகுப்புகளுக்குப் பெரியவர் இல்லாத ரூம் வேண்டாம்.

ஸ்லைடு போடலாமா, போர்டில் எழுதலாமா?

நம் பிள்ளைகளில் பாதிப் பேர் பார்ப்பது உள்ளங்கை அகலத் திரையில். நீங்கள் லேப்டாப்பில் அழகாகப் போட்ட பத்து வரி ஸ்லைடு அங்கே எறும்பு வரிசை. வகுப்புக்கு முன் உங்கள் ஸ்லைடை உங்கள் போனிலேயே, கை நீட்டிய தூரத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள்.

எனக்குப் பிடித்தது காகிதம்தான். இரண்டு பெரிய டப்பாவுக்குக் குறுக்கே ஸ்கேலை வைத்து, அதன்மேல் பழைய போனைக் குப்புறப் போட்டு, அதை இன்னொரு ஆளாக வகுப்பில் சேர்த்துவிட்டேன். கீழே வெள்ளைத்தாள், தடித்த கறுப்பு ஸ்கெட்ச். என் கை ஓடும் வேகத்துக்குப் பிள்ளைகளின் கையும் ஓடுகிறது. ஸ்லைடு என்றால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டுச் சும்மா இருப்பார்கள்.

வகுப்புக்கு ஒரு தடவை வேண்டுமென்றே ஒரு தப்புப் போடுவேன்: ஒரு குறி மாறியிருக்கும், அல்லது அலகு விட்டுப்போயிருக்கும். கண்டுபிடித்தவர் கணக்கில் ஒரு தேன்மிட்டாய் ஏறும், மாதக் கடைசியில் நேரில் வரும்போது வசூல். என்ன, உண்மையாகவே தப்புப் போட்டாலும் “சும்மாதான் போட்டேன்” என்று சமாளித்துக்கொள்ளலாம்.

நெட் போகிறது, கரண்ட் போகிறது. அதற்கெல்லாம் என்ன செய்ய?

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்தப் பகுதியில் என்று நாளிதழில் முந்தின நாளே வரும். பெரும்பாலும் காலை ஒன்பதிலிருந்து மதியம் இரண்டு வரை. சனிக்கிழமை காலை வகுப்பு வைக்கிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள். ரவுட்டரை இன்வெர்ட்டர் இணைப்பில் போட்டுவிடுங்கள், போனில் ஹாட்ஸ்பாட் தயாராக இருக்கட்டும். ஆடி மாதம் கூழ் ஊற்றுகிற வாரத்தில் அம்மன் கோயில் ஸ்பீக்கரோடு யாரும் போட்டி போட முடியாது. அன்றைக்கு முழுக்க எழுத்து வகுப்புதான்: நான் தாளில் எழுதுவேன், அவர்கள் சாட்டில் எழுதுவார்கள்.

முக்கியமானது, வகுப்பு அறுந்தால் என்ன செய்வது என்று பிள்ளைக்கு முன்பே தெரிந்திருப்பது. வகுப்புக்கு அரை மணி முன்னால் அன்றைய ஆறு கேள்விகளை ஒரே பக்கமாக வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவேன். நெட் போனால் விட்ட இடத்திலிருந்து போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், திரும்பி வந்ததும் “எத்தனையாவது கேள்வி?” என்று கேட்டால் போதும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்த வாரம் இந்த ஏற்பாடும் உதவவில்லை, போன் சார்ஜ் போடவே வழி இல்லாத வீடுகள். அந்த மாதிரி நாளில் விடுமுறை விட்டுவிட வேண்டும், வேறொன்றும் செய்வதற்கில்லை.

வீட்டில் ஒரே போன். அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே நேரத்தில் வகுப்பு. டேட்டாவும் தீர்ந்துவிடுகிறது.

வகுப்பு நேரத்தை வைக்கும் முன் “போன் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வரும்?” என்று கேளுங்கள். என் பேட்ச்சில் பல வீடுகளில் அது அப்பாவோடு ஏழரைக்குத்தான் வருகிறது. அதனால்தான் என் வகுப்பும் ஏழரைக்கு. வீடியோ வகுப்பு, தரத்தைப் பொறுத்து மணிக்கு 1 ஜிபி வரைகூட இழுக்கும். டேட்டா குறைவானவர்கள் மற்றவர் வீடியோ வராதபடி நிறுத்திவிட்டு, குரலையும் என் தாளையும் மட்டும் வாங்கலாம். அண்ணனும் தங்கையும் ஒரே போனில் உட்கார்ந்தால் இரண்டு பேர் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தங்கைக்கு வருடம் பூரா ஆப்சென்ட்.

ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை எப்படி உட்கார வைப்பது?

உட்கார வைக்காதீர்கள். “சமையலறையிலிருந்து வட்டமா ஒரு பொருள் கொண்டு வா”, “ப-வில் ஆரம்பிக்கிற பொருள் எடுத்துட்டு வா” என்று ஓடவிடுங்கள். என் தோழி ஒருவர் இப்படித்தான் கேட்டார்; ஒரு வாண்டு பாட்டியையே கையைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்தியதாம். ப-வில்தானே ஆரம்பிக்கிறது! தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் நல்ல சிலேட்டு. பெரிதாக எழுதிக் கேமராவுக்குக் காட்டச் சொல்லலாம். இருபது நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து விடையைச் சொல்லிக் கொடுக்கிறார். எப்படித் தடுப்பது?

அவரைத் திட்டி லாபமில்லை, பிள்ளை மானம் போகக்கூடாது என்று பயப்படுகிறார். முதல் வாரமே பெற்றோரிடம் “தப்பு வந்தால்தான் எனக்கு வேலை, தப்பை மறைக்காதீங்க” என்று சொல்லிவிடுங்கள். அப்படியும் கிசுகிசு கேட்டால் நான் “அம்மா, அடுத்த கேள்வி உங்களுக்குத்தான்” என்பேன். எழுந்து போய்விடுவார்.

பாட்டு, வீணை வகுப்புக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பெரும்பாலும் பொருந்தாது. எனக்குப் பாட்டு வராது. ஆனால் மயிலாப்பூரில் பாட்டுச் சொல்லிக் கொடுக்கும் என் பெரியம்மா மகள் பல வருடமாக வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இணையத்தில் எடுக்கிறாள். காலை ஆறு மணிக்கு இங்கே சுருதிப் பெட்டியைப் போட்டால் நியூஜெர்சியில் முந்தின நாள் இரவு ஏழரை. கோடைகாலக் கணக்கில் எட்டரை. மார்ச்சிலும் நவம்பரிலும் அவர்கள் கடிகாரம் மாறும்போது யாராவது ஒரு பிள்ளை தப்பான நேரத்துக்கு வந்து நிற்கும்.

அவளுக்கு இருந்த பெரிய குறை, சேர்ந்து பாட முடியவில்லை என்பது. இங்கே என் இயற்பியல் உதவியது. ஒளியிழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. போகும். சென்னைக்கும் நியூஜெர்சிக்கும் நேர்கோட்டிலேயே 13,000 கி.மீ.க்கு மேல். போய்வர நொடியில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. கேபிள் சுற்றும் தூரமும் மென்பொருள் எடுக்கும் நேரமும் தனி. பாட்டில் ஆரம்பப் பாடமான சரளி வரிசையை மூன்றாம் காலம் என்ற வேகத்தில் பாடினால் ஒரு அட்சரத்துக்கு (தாளத்தின் ஓர் எண்ணிக்கைக்கு) நான்கு சுரம். அட்சரம் ஒரு நொடி என்று வைத்தால் ஒரு சுரத்துக்குக் கால் நொடி. ஆக, பிள்ளை எவ்வளவு சரியாகப் பாடினாலும் டீச்சர் காதில் அரைச் சுரமாவது பின்தங்கித்தான் விழும். இது யார் நெட்டின் குற்றமும் இல்லை. அதனால் சேர்ந்து பாடுவதை விட்டுவிட்டு, டீச்சர் ஒரு ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று), பிள்ளை ஒரு ஆவர்த்தனம் என்று மாற்றிக்கொண்டாள். தாளம் பிள்ளை பக்கத்தில்தான் போட வேண்டும். சுருதியும் அந்தந்த வீட்டில் தனித்தனியாக ஓட வேண்டும்.

இன்னொரு தொல்லை: ஜூம் தம்புராவை ஃபேன் சத்தம் என்று நினைத்து அமுக்கிவிடும். விடாமல் ஒரே மாதிரி ஒலிப்பதெல்லாம் அதற்கு இரைச்சல். இசைக்கலைஞர்களுக்கான ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்ற அமைப்பை இரண்டு பக்கமும் போட்டு, ஹெட்போன் மாட்டிக்கொண்டால் கமகம், அதாவது சுரத்தின் அசைவு, காதில் விழும்.

வகுப்பை ரெக்கார்ட் செய்யலாமா?

2021 மே மாதம் சென்னையில் ஒரு பள்ளி ஆசிரியர் மீது மாணவிகள் புகார் சொன்னதைத் தொடர்ந்து, இணைய வகுப்புகளை முழுமையாகப் பதிவு செய்து, பெற்றோர் பிரதிநிதிகளும் உள்ள குழு அவற்றை அவ்வப்போது பார்க்க வேண்டும் என்று தமிழக அரசு அறிவித்தது. பிள்ளைகளின் பாதுகாப்புக்கு அது நல்ல பழக்கம், நம் பாதுகாப்புக்கும்தான். அதே நேரம் 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் கேட்கிறது. டியூஷன் எடுப்பவர்களும் சேர்க்கும்போதே எழுதி வாங்கிவிடுங்கள். பிள்ளைகள் முகம் தெரியும் பதிவை எந்தக் குழுவிலும் பகிராதீர்கள். விளக்கம் தேவைப்படுகிறவர்களுக்கு என் தாளும் குரலும் மட்டும் உள்ள பகுதியை அனுப்புவேன்.

ஒரு விஷயம். பதிவு கிடைக்கும் என்று தெரிந்தால் சிலர் ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று தூங்கிவிடுவார்கள். அப்படிப் பார்த்தாலும் பெரிதாகப் பயனில்லை. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் 2006இல் செய்த சோதனையில், திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள்; ஒரு வாரம் கழித்து வைத்ததில், இடையில் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். அதனால் என் ஒவ்வொரு வகுப்பும் போன வாரத்துப் பாடத்திலிருந்து மூன்று கேள்விகளோடுதான் தொடங்கும், புத்தகத்தை மூடிவைத்து. தாமதமாக வருகிறவர்களுக்கு அந்த மூன்று போய்விடும் என்பதால் ஏழரைக்கு இப்போது எல்லாரும் வந்துவிடுகிறார்கள்.

பாதிப் பேர் நேரில், பாதிப் பேர் இணையத்தில் என்று ஒரே நேரத்தில் எடுக்கலாமா?

வேண்டாம். இரண்டு படகிலும் ஒவ்வொரு கால். நேரில் இருப்பவர்கள் ஜெயிப்பார்கள், இணையத்தில் இருப்பவர்கள் சுவரில் ஒட்டிய பல்லி மாதிரி பார்த்துக்கொண்டிருப்பார்கள். முடிந்தால் தனித்தனி நேரம் வையுங்கள்.

வகுப்பு முடியும்போது “டவுட் இருக்கா?” என்றால் யாரும் கேட்பதில்லை. எல்லாம் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. கடைசி மூன்று நிமிடத்தில் ஒரே ஒரு கணக்கு கொடுத்து, விடையை எனக்கு மட்டும் அனுப்பிவிட்டுக் கிளம்பலாம் என்பேன். அதைப் பார்த்துத்தான் மறுநாள் எங்கிருந்து தொடங்குவது என்று முடிவு செய்கிறேன்.

அப்புறம், நான் மீட்டிங்கை உடனே மூடுவதில்லை. “பை மிஸ்” எல்லாம் முடிந்த பிறகு மைக்கை ஆனில் வைத்துக்கொண்டு, பதில்களைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருப்பேன். ஒவ்வொரு கட்டமாக மறையும். இரண்டு மூன்று கட்டம் மட்டும் போகாமல் நிற்கும், கேமராவும் இல்லாமல் குரலும் இல்லாமல். நானாகக் கூப்பிட மாட்டேன். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக ஒரு குரல் வரும்: “மிஸ், அந்த ரெண்டாவது கணக்குல, அந்த மைனஸ் எங்கேர்ந்து வந்துச்சு?” இரண்டு வாரம் முன்னால் நடத்திய கணக்காக இருக்கும். எட்டு பத்துக்கு மூடிவிடுவேன், அதற்கு மேல் போனால் வீட்டில் தோசைக்கு ஆள் கத்தும்.